கூரை மேல் காய்த்த பூசணிக்காய்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். நான் மெக்கானிக்கல் படித்தவன். இந்தப் பதினைந்து வருடத்தில் எழுதியதெல்லாம் ஷிப்ட் ரிப்போர்ட்டும், ஆடிட்காரர்கள் கேட்கும் கேள்விக்குப் பதிலும்தான். "நீ ஒரகடத்துலதானே இருக்கே, அந்த ஏரியாவோட சரித்திரத்தை எழுதேன்" என்றார் செயலாளர். யோசித்துப் பார்த்தேன். அந்த ஏரியாவின் சரித்திரத்தில் என் குடும்பத்துக்கும் ஒரு மூலை உண்டு. அதனால் ஒப்புக்கொண்டேன். பிழையிருந்தால் பேராசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் பலருக்கும் இரண்டு விஷயம் ஞாபகம் வரும். இராமானுஜர் அவதரித்த தலம் என்பது ஒன்று. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம் என்பது இன்னொன்று. 1996க்குப் பிறகு மூன்றாவதாகத் தொழிற்சாலைகள் சேர்ந்துகொண்டன. இன்று நம் ஜூனியர்கள் கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி ஜாயினிங் லெட்டரோடு போகும் இடங்களில் பாதி இந்தப் பாதையில்தான் இருக்கிறது.

ஆட்கள் வந்து குவியும் ஊராகத்தான் நாம் இதைப் பார்க்கிறோம். ஆனால் நூறு வருடத்துக்கு முன் இது ஆட்கள் விட்டுவிட்டுப் போன ஊர். போனவர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். இந்தத் தாலுக்காவில் ஒரு சேரியிலிருந்து பெண்டாட்டியோடும் ஒரு மூட்டையோடும் நாற்பது கிலோமீட்டர் நடந்தே பட்டணம் போய்ச் சேர்ந்தவர். ஏன் போனார் என்பதற்கு என் ஆயா ஒரே ஒரு காரணம்தான் சொல்லும்.

"கூரை மேல காய்ச்ச பூசணிக்கா கூட நம்முது இல்லடா கண்ணு. அதையும் அறுத்துக்கினு போய்ட்டான்."

சின்ன வயசில் இதை வேடிக்கைக் கதையாகத்தான் கேட்டேன். ஒரு பூசணிக்காய்க்காகவா ஊரை விட்டு வருவார்கள்? பிற்பாடு கொஞ்சம் படித்த பிறகுதான் அது ஒரு ஜில்லாவின் முழுச் சரித்திரம் என்று புரிந்தது.

மனை யாருடையது?

பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசு முறை வேரோடியிருந்தது. கிராமத்தின் நஞ்சை, புஞ்சை மட்டுமல்ல, தரிசும் குடியிருப்பு மனையும்கூட மிராசுதாரர்களின் பரம்பரைப் பாத்தியதை என்பது அவர்கள் வாதம். தரிசு நிலம் வேண்டும் என்று வேறு யாராவது தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாரர் குறுக்கே வந்து தனக்கே முதல் உரிமை என்று கேட்கலாம். பறையர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் படியாட்களாக உழைத்தார்கள். கூலி நெல்லாக அளந்து கொடுக்கப்படும். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடன் மகன் தலையிலும் விழும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. சேரியில் குடிசை போட்டிருக்கும் மண்ணும் மிராசுதாரருடையது என்றே கருதப்பட்டது. மனை அவருடையது என்றால் அதில் முளைத்த மரமும் கொடியும் அவருடையதுதானே? எதிர்த்துப் பேசினால், வேறு இடத்தில் வேலைக்குப் போனால், நிலம் கேட்டு மனு போட்டால் குடிசையைப் பிரித்துப் போடலாம். அடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. "மனையைக் காலி பண்ணு" என்றால் போதும்.

இதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தவர் செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர் என்ற வெள்ளைக்கார அதிகாரி. 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அரசாங்கத்துக்கு ஒரு நீண்ட குறிப்பு அனுப்பினார். நிலம் கொடுங்கள், பள்ளிக்கூடம் கொடுங்கள், குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உறுதி செய்யுங்கள் என்பது அதன் சாரம். இக்காடு பகுதியில் பணியாற்றிய வில்லியம் கௌடி, செங்கல்பட்டுப் பக்கம் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் இதே விஷயத்தை அப்போது எழுதியும் பேசியும் வந்தார்கள். ஆண்ட்ரூ முயற்சியில் உருவான மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றம் இன்றும் இருக்கிறது.

ரெவின்யூ போர்டுக்கு டிரெமென்ஹீரின் குறிப்பு ரசிக்கவில்லை. பரிந்துரைகளில் பல நீர்த்துப் போயின. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை எண் 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் வழக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் கேள்விப்படுவது அதுதான். அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது தனிக்கதை. அதை மீட்கக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, இதே செங்கல்பட்டு மண்ணில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள்.

மனைப் பிரச்சினை இன்னும் நீண்ட நாள் இழுத்தது. 1920 முதல் தொழிலாளர் இலாகா ஆதிதிராவிடர்களுக்கு அங்கங்கே மனை வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தது. மற்றவர் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1971இல். டிரெமென்ஹீர் எழுதியது 1891. நடுவில் எண்பது வருடம்! மனு போட்டவரின் பேரன் தாத்தா ஆகிவிட்டிருப்பார்.

அந்த எண்பது வருடம் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. போகத் தெரிந்தவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிச் சென்றது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மொரீஷியசுக்கும் போனார்கள். வடஆற்காட்டுப் பக்கத்தவர்கள் கோலார் தங்கவயலில் இறங்கினார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் எத்தனையோ குடும்பங்களைக் கிளப்பிவிட்டது. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் "பறையன்" என்ற பத்திரிகை தொடங்கினார். பின்பு தென்னாப்பிரிக்கா போய்வந்து, 1930இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். ஊரை விட்டுப் போனால்தான் வாய் திறக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

மில் சங்கு

என் கொள்ளுத்தாத்தா அவ்வளவு தூரம் போகவில்லை. புளியந்தோப்போடு நின்றுவிட்டார். பெரம்பூர்ப் பக்கம் அப்போது பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் இரண்டும் ஆயிரக்கணக்கான ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தன. ரயில்வே ஒர்க் ஷாப், துறைமுகம், தோல் ஷெட்டு என்று வேறு வேலைகளும் உண்டு. சங்கு ஊதினால் வேலைக்குப் போகலாம், மறு சங்கு ஊதினால் வீட்டுக்கு வரலாம். இடைப்பட்ட நேரம் மட்டும்தான் முதலாளியுடையது. படியாளாக இருந்தவருக்கு இது எத்தனை பெரிய விடுதலை!

குடிசை போட்ட இடம் அங்கேயும் சேறுதான். வீட்டுக்குள் தண்ணி வராத மழைக்காலமே கிடையாது. ஆனாலும் ஆயா சொல்லும்: "பட்டணத்துல பூசணிக்கா காசு குடுத்துதான் வாங்கணும். ஆனா வாங்குனா நம்முது."

பட்டணம் மட்டும் சொர்க்கமா என்றால் இல்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெருமையாகச் சொல்கிறோம். 1921இல் மில்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். போனது சரியா தப்பா என்று இன்றும் விவாதம் உண்டு. நான் அதற்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கையிருப்பும் இல்லாமல், திரும்பிப் போக ஊரும் இல்லாமல் இருந்தவனுக்குச் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஊரில் நிலம் உள்ளவன் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பான். மனைகூட இல்லாதவன்?

விளைவு என்னவென்றால் புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. இரண்டு பக்கமும் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஆதிதிராவிடர்களை அந்த இடத்திலிருந்தே அப்புறப்படுத்த வேண்டும் என்றுகூட அன்றைய அரசியலில் பேச்சு எழுந்தது. சண்டை கூலியில் ஆரம்பித்து வீட்டில் வந்து முடிந்ததைக் கவனியுங்கள். கொள்ளுத்தாத்தாவின் கூரையும் அதில் போனது என்று ஆயா சொல்லும். மாமியார் வாயால் கேட்ட கதை அதற்கு.

மறுபடி கூரை போட்டார்கள். தாத்தாவும் மில்லில் வேலை பார்த்தார். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்த பிறகு எங்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை. எங்கள் வம்சத்தில் முதல் முதலாகப் பூட்டுப் போடக்கூடிய கதவு அதுதான்.

1996

1996இல் பி அண்டு சி மில் நிரந்தரமாக மூடப்பட்டது. நைனாவுக்கு அப்போது நாற்பது வயது, எனக்கு எட்டு. சங்கு ஊதாத காலையில் நைனா வழக்கம்போல் எழுந்து குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு வாட்ச்மேன் வேலை, ஆட்டோ என்று என்னவெல்லாமோ பார்த்தார். வீடு மட்டும் எங்களுடையதாக இருந்ததால் நான் படிப்பை விடாமல் இருக்க முடிந்தது. நம் கல்லூரி ஹாஸ்டலில் எனக்குக் கிடைத்த இரும்புக் கட்டிலைப் பற்றிப் பலர் புகார் சொல்வார்கள். நான் சொன்னதில்லை. எனக்கென்று தனிக் கட்டில் அதற்கு முன் கிடையாது.

மில் மூடிய அதே 1996இல்தான் ஹூண்டாய் நிறுவனம் இங்கே கால் வைத்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பிறகு கண்ணாடி, செல்போன், மோட்டார் சைக்கிள், லாரி என்று வரிசையாக வந்தன. 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பரில் நிறுத்தியது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான். இந்த நிலங்களையெல்லாம் எடுத்துக் கொடுத்த சிப்காட் தொடங்கப்பட்டது 1971இல். மேலே சொன்ன குடியிருப்புச் சட்டம் வந்த அதே வருடம்!

நிலம் எடுத்தபோது பட்டா உள்ளவருக்கு இழப்பீடு வந்தது. அந்த வயலில் நடவு நட்ட, களை எடுத்த கூலிக்காரருக்கு என்ன வந்தது? பட்டா இல்லையென்றால் காகிதத்தில் ஆளே இல்லை. 1891இல் தொடங்கிய கணக்கு இப்படித்தான் நூற்றாண்டு தாண்டியும் நீண்டது.

கொள்ளுத்தாத்தா விட்டுப்போன தாலுக்காவுக்கு 2010இல் நான் டிரெய்னி எஞ்ஜினீயராகத் திரும்பி வந்தேன். வாடகைக்கு வீடு தேடினேன். ஒரு வீட்டுக்காரர் மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். "தம்பிக்குச் சொந்த ஊர்?" என்றார். இதே தாலுக்காதான் என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன். முகம் மலர்ந்தது. "அட, நம்ம பக்கம்! ஊர்லயா, காலனியிலயா?" சொன்னேன். மோர் டம்ளரை நான் கீழே வைப்பதற்குள் அவருடைய மச்சானுக்கு அந்த வீடு தேவைப்பட்டுவிட்டது.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. நூறு வருடம், ஒரு டிகிரி, ஒரு ஐடி கார்டு. அத்தனைக்குப் பிறகும் அதே இரண்டு சொல்: மனை, காலி.

அதே மண், வேறு ஆட்கள்

சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அந்த டெட்ராய்ட்டுக்கு யார் போனார்கள் தெரியுமா? 1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென் மாநிலப் பண்ணைகளை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். வாரப் பண்ணையில் அவர்கள் இருந்த குடிலும் பண்ணையாருடையதுதான். கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வீடு? 1942 பிப்ரவரியில், தங்களுக்கென்று கட்டிய குடியிருப்புக்கு டெட்ராய்ட்டில் கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள் சாமான்களோடு வந்தபோது வெள்ளையர் கும்பல் வழிமறித்தது. ஏப்ரலில் போலீசும் படையும் காவல் நிற்கத்தான் குடியேற முடிந்தது. வேலை கொடுக்க மனம் வருகிற இடத்திலும் பக்கத்தில் வீடு கொடுக்க மனம் வருவதில்லை. இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல போலிருக்கிறது.

இன்று ஒரகடம் சந்திப்பில் காலை ஐந்தரை மணிக்கு நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் சாரை சாரையாக வரும். காஞ்சிபுரம், செய்யாறு, அரக்கோணம் பக்கத்துப் பிள்ளைகள் தூங்கி வழிந்தபடி இறங்குவார்கள். இரண்டு மணி நேரப் பயணம் என்றாலும் இரவு சொந்த வீட்டில் படுக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரிப் பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். ஒடிஷா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பையன்கள் ஒரு அறைக்கு எட்டு பத்துப் பேர் என்று ஷிப்டுக்கு ஷிப்ட் பாயை மாற்றிக்கொள்கிறார்கள். இதில் எத்தனை பேர் ஊரில் காலனிப் பிள்ளைகள், எத்தனை பேர் பழங்குடிகள் என்று கேட்டால் பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். கேட்க வேண்டியதும் இல்லை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் நான் லைனில் பார்த்திருக்கிறேன். சொந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பையன் ஓவர்டைம் முடியாது என்றால் முடியாது என்பான். ஹாஸ்டல் பெண் சொல்லமாட்டாள். ஏனென்றால் அவளுக்கு வேலையும் படுக்கையும் ஒரே கையிலிருந்து வருகிறது.

அப்படிப்பட்டவர்களே ஒருமுறை வாய் திறந்தார்கள். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டில் பலர் நோயுற்றபோது, பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டது சம்பள உயர்வு அல்ல. ஒழுங்கான சோறும் படுக்கும் இடமும். உலகம் முழுக்கச் செய்தியானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மகளிர் விடுதியைச் சிப்காட் கட்டித் திறந்தது. நல்ல காரியம். ஆனால் விடுதி வேறு, வீடு வேறு. விடுதியில் பூசணிக்கொடி போட முடியாது.

நான் கையெழுத்துப் போட்டது

இதை எழுதலாமா என்று யோசித்தேன். நண்பர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சில வருடம் முன் ஆர்டர் குறைந்தது. கான்ட்ராக்ட் ஆட்களில் பன்னிரண்டு பேரைக் குறைக்கும் லிஸ்ட் என் மேஜைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெயரைக்கூடச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். புரொடக்‌ஷன் எஞ்ஜினீயருக்கு அது ஒரு காகிதம்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் என் லைனில் வேலை பார்த்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பையும் பிளாஸ்டிக் பக்கெட்டும். பக்கெட்டுக்குள் சோப்பு டப்பா, செருப்பு. "எங்கம்மா லீவா?" என்றேன். "வேலை முடிஞ்சிச்சு சார். ரூமையும் ராத்திரியே காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஃப்ரெண்டு ரூம்ல வராண்டாவுல படுத்திருந்தேன்" என்றாள். குரலில் குறை இல்லை. எனக்கு வணக்கம் வேறு சொன்னாள்.

அன்றைக்குத்தான் ஆயாவின் கதையில் நான் இத்தனை நாள் கவனிக்காத ஓர் ஆள் இருப்பது உறைத்தது. பூசணிக்காயை அறுத்துக்கொண்டு போன ஆள். அவன் மிராசுதாரனாக இருந்திருக்க மாட்டான். மிராசுதாரர் சொன்னதைச் செய்த மணியமோ கணக்கோதான் வந்திருப்பான். தன் வேலையைத்தான் செய்தான், பாவம். கையெழுத்துப் போட்ட என்னைப் போல.

அந்தப் பெண்ணுக்கு நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. தெரிந்த இடத்தில் சொல்லி வேறு வேலை வாங்கித் தந்தேன். அதற்கு மேல் செய்ய முடிந்தது ஒன்றுதான். லிஸ்ட் வந்தால், ரூமைக் காலி செய்ய எத்தனை நாள் என்று எழுத்தில் கேட்கிறேன். ஒரு வருடம் சண்டை போட்டுப் பதினைந்து நாள் வாங்கியிருக்கிறோம். பதினைந்து நாள்தான். ஆனாலும் ராத்திரியில் வராண்டாவில் படுக்க வேண்டியதில்லை.

நம் சங்கத்து நண்பர்கள் நிறையப் பேர் இந்தப் பாதையில் மேனேஜர்களாக, எச்.ஆர். அதிகாரிகளாக, சொந்தமாக யூனிட் வைத்திருப்பவர்களாக இருக்கிறீர்கள். லிஸ்ட் வந்தால் ஒரு நிமிடம் நிறுத்தி, "இவங்க இன்னிக்கு ராத்திரி எங்கே படுப்பாங்க?" என்று மட்டும் கேளுங்கள். வாடகைக்கு வீடு விடும் நிலையில் இருந்தால் "ஊரா, காலனியா" என்று கேட்காதீர்கள். வேலைக்கு வரப்போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நீங்கள் நிற்கப்போகும் ஷாப் ஃப்ளோர் ஒரு காலத்தில் யாரோ படியாளாக உழுத வயல். கன்வேயர் பக்கத்தில் நிற்பவர்களும் உங்கள் தாத்தா போல எங்கிருந்தோ கிளம்பி வந்தவர்கள்தான்.

ஆயா இப்போது இல்லை. படப்பைப் பக்கம் லோன் போட்டு ஒரு சின்ன மனை வாங்கி, இரண்டு ரூம் கட்டியிருக்கிறேன். நைனாவும் அம்மாவும் புளியந்தோப்பிலிருந்து வந்துவிட்டார்கள். தகரக் கூரை போட்ட குளியலறை மேல் அம்மா பூசணிக்கொடி ஏற்றிவிட்டது. போன கார்த்திகையில் முதல் காய். நைனா ஏணி வைத்து ஏறி அறுத்து, கீழே இறங்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே காயைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "இறங்கு நைனா, விழுந்துடப் போற" என்றேன்.

"இருடா" என்றார். "பாத்துக்கினு இருக்கேன்."